முடிதிருத்தும் தொழில்: பயிற்சியை எந்த வரிசையில் எடுப்பது? ஃபேடில் கோடு நிற்பது ஏன்?

புதுக்கத்தரி

வணக்கம். முடிதிருத்துவதையே முழுநேரத் தொழிலா எடுக்கிறவங்க பார்வையில சில கேள்விகள். அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விவரமாவே சொல்லுங்க.

முதல்ல கத்தரியா, மிஷினா? மிஷின்ல ஆரம்பிச்சா கை சீக்கிரம் ஓடும்னு ஒரு பக்கம் சொல்றாங்க, கத்தரி படியாம மிஷினைத் தொடாதேன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க.

ரெண்டாவது ஃபேட், அதாவது கீழ ரொம்பக் குட்டையா ஆரம்பிச்சு, மேல போகப் போக நீளம் கூடுற மாதிரி கலந்து வெட்டறது. கோடு பளிச்சுன்னு நிக்குது. அழிக்க அழிக்க மேல ஏறிக்கிட்டே போய், லோ ஃபேட் கேட்டவருக்கு ஹை ஃபேட் ஆயிடுது.

சவரக்கத்தியை எப்போ கையில எடுக்கலாம், சுத்தம் விஷயத்துல எது கட்டாயம்ங்கிறது மூணாவது.

கடைசியா, கடையில பங்குக்கு (வர்ற காசைக் கடைக்காரரோட பிரிச்சுக்கிட்டு) வேலை பார்க்கிறதா, நாற்காலியை வாடகைக்கு எடுக்கிறதா? எந்த நிலையில எது கட்டுப்படியாகும்?

சீப்பும்கத்தரியும்

கத்தரியில் தொடங்குங்கள். மிஷினில் நீளத்தை கார்டு (பிளேடின் மேல் மாட்டும் சீப்பு) முடிவு செய்துவிடும். கத்தரியில் கண்ணும் சீப்பும்தான் முடிவு செய்ய வேண்டும். கண் பழகவில்லை என்றால் கார்டு மாட்டியிருந்தாலும் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது. உங்கள் கோடு மேலே ஏறுவதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

ஆரம்பத்தில் கருவிகள் கொஞ்சம் இருந்தால் போதும். விரலிடுக்கில் பிடித்து வெட்ட 6 அங்குலக் கத்தரி, சீப்பின் மேல் வைத்து வெட்ட 7 அங்குலக் கத்தரி, அடர்த்தியைக் குறைக்க 30 பல் போல் உள்ள திண்ணிங் கத்தரி, ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லுமாக உள்ள சீப்பு, பிடரிக்கும் காதோரத்துக்கும் வளைந்து கொடுக்கும் மெல்லிய சீப்பு, நாலு கிளிப், ஸ்ப்ரே பாட்டில். இதில் கத்தரிக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மழுங்கின கத்தரி முடியை வெட்டாமல் மடக்கித் தள்ளும், நுனி நசுங்கி சீக்கிரம் பிளந்துபோகும். கூர் பார்க்கிறேன் என்று தாளையோ துணியையோ அதில் வெட்டிவிடாதீர்கள். நனைத்த டிஷ்யூவை வெட்டிப் பாருங்கள். சுத்தமாக அறுந்தால் சரி, மடங்கி உள்ளே போனால் சாணைக்குக் கொடுக்க வேண்டும்.

திருகை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். நுனி மேலே பார்க்க ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு வளையத்தை அகலமாகத் திறந்து விட்டுவிடுங்கள். அலகு தானாக இறங்கி, முழுதும் மூடாமல் நடுவழியில் நிற்க வேண்டும். மொத்தமாக மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது, முடி இடையில் மடங்கும். அசையாமல் நின்றால் இறுகியிருக்கிறது, அலகும் தேயும், கட்டைவிரலும் வலி கண்டுவிடும்.

பிடிப்பு: ஒரு வளையத்தில் மோதிர விரல். மற்றதில் கட்டைவிரலின் நுனி மட்டும், நகத்தின் அடிவரை. கட்டைவிரல் அலகு மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற அலகு சீப்போடு ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும். முடியே இல்லாமல், கண்ணாடி முன்னால் நின்று தினம் 10 நிமிடம் வெறுமனே திறந்து மூடிப் பழகுங்கள். அடுத்து சீப்பு. சீப்பு நிற்காமல் மெதுவாக மேலே ஏறும், கத்தரி அதன் மேல் வேகமாக ஓடும். ஒவ்வொரு வெட்டுக்கும் சீப்பு நின்று நின்று போனால் எலி கடித்த மாதிரி படிப்படியாகத் தெரியும். இந்தக் குறை முக்கால்வாசிப் பேருக்கு வருவது கத்தரியால் இல்லை, சீப்புக் கையால்.

பொம்மைத் தலை ஒன்றிலேயே நாலு பாடம் எடுக்கலாம். நீள முடியில் முதலில் ஒரே மட்டமாக ஒரு வெட்டு, பிறகு அடுக்கு, அதைக் குறைத்து சீப்பு மேல் கத்தரி, கடைசியில் மிச்சமிருப்பதில் மிஷின். ஐந்தாறு தலை இப்படி முடித்தால் கை ஓரளவு நிதானப்படும். ஆனால் பொம்மைக்குச் சுழி கிடையாது, மண்டையில் மேடு பள்ளம் கிடையாது, தும்மாது, திரும்பாது. அதனால் ஆள் தலைக்கு மாறும்போது ஈரமாக வெட்டும் இடங்களில், முக்கியமாகக் காதுக்கு மேலும் பிடரியிலும், அரை செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஈர முடி இழுத்தால் நீளும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும்.

மங்கல்_வேலை

ஃபேட் பத்தி நான் சொல்றேன். மொதல்ல அளவு மனப்பாடமா இருக்கணும். 1ம் நம்பர் கார்டு 3 மி.மீ., 2 வந்து 6, 3 வந்து 10, 4 வந்து 13. அரை நம்பர் 1.5 மி.மீ. மிஷின் பக்கவாட்டுல பிளேடை நகர்த்துற லீவர் இருக்கும், அதை மூடினா நீளம் குறையும், திறந்தா கூடும். எவ்வளவு கூடும்ங்கிறது மிஷினுக்கு மிஷின் மாறும். 1ம் நம்பரை மாட்டி லீவரைத் திறந்தா சுமாரா 4.5 மி.மீ. வரைக்கும் போகும்னு வெச்சுக்கங்க.

முடி நல்லா காஞ்சிருக்கணும், எண்ணெயோ ஜெல்லோ இருக்கக் கூடாது. ஈர முடி கொத்து கொத்தா ஒட்டி கோட்டை மறைச்சுடும், காஞ்சப்புறம்தான் வண்டவாளம் தெரியும்.

வரிசை இப்படி:

3ம் நம்பரால பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் மண்டை வளையத் தொடங்குற இடம் வரைக்கும் எடுத்து பாரத்தைக் குறைச்சிடுங்க. அப்புறம் கார்டு இல்லாம, லீவரை மூடி, முதல் கோடு. லோ ஃபேட்னா காதுக்கு மேல ஒரு விரல் அகலம்தான். பின்னாடி போகப் போக கோடு கொஞ்சம் தாழணும், நேரா கொண்டுபோனா பின்னாலிருந்து பார்க்க தொப்பி கவுத்த மாதிரி இருக்கும். அடுத்து லீவரைத் திறந்து, அந்தக் கோட்டுக்கு மேல இன்னொரு ஒன்றரை செ.மீ. அதுக்கும் மேல 1ம் நம்பர் திறந்த லீவரோட ஒன்றரை செ.மீ. அதுக்கு மேல 2. இப்போ தலையில மூணு நாலு பட்டை தெரியும், பயப்படாதீங்க, வேலையே இனிமேதான்.

கோடு எப்பவுமே ரெண்டு நீளம் சந்திக்கிற இடம். அதை அழிக்க அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள நீளம் வேணும். வெறும் பிளேடுக்கும் 1ம் நம்பருக்கும் நடுவுல கோடு நின்னா, அரை நம்பர் கார்டை மாட்டி, லீவரைத் திறந்து ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வாங்க. மிஷின் கோட்டைத் தொட்டதும் மணிக்கட்டால வெளியே வாரி எடுத்துடணும். கோட்டைத் தாண்டி அரை செ.மீ. மேல போனீங்கன்னா அங்க புதுசா ஒரு கோடு பொறக்கும். உங்களுக்கு ஏறுறது இதனாலதான். ஒரே கார்டை வெச்சு திரும்பத் திரும்ப தேய்க்கறீங்க, ஒவ்வொரு தேய்ப்புக்கும் எல்லை கொஞ்சம் மேல போயிடுது.

ஒரு கோட்டுக்கு அஞ்சாறு தடவைக்கு மேல போகாதீங்க. அப்பவும் போகலைன்னா நீளம் தப்பு, கை தப்பில்ல. கார்டை மாத்துங்க.

புதுக்கத்தரி

ரொம்ப நன்றி அண்ணா. பக்கவாட்டுல இது சரியா வருது. ஆனா காதுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு நிழல் மாதிரி நிக்குது, எந்த கார்டு போட்டாலும் போகலை. பாதி வேலையில மிஷின் சூடாகி முடியையும் பிடிச்சு இழுக்குது. பிளேடை ஜீரோ கேப் பண்ணினா சரியாகுமா?

மங்கல்_வேலை

ஜீரோ கேப் பண்ணாதீங்க. இது வேற ரெண்டு பிரச்சினை.

அந்த நிழலை எடுத்துக்கங்க. காதுக்குப் பின்னாடி விரலை வெச்சுத் தடவிப் பாருங்க, ஒரு எலும்பு முண்டும், அதுக்குப் பக்கத்துல ஒரு குழியும் கைக்குத் தெரியும். பிளேடு நேர்கோடா இருக்கு. அது முண்டு மேல ஏறி நின்னுக்கும், குழிக்குள்ள இறங்காது. குழியில முடி 1 மி.மீ. அதிகமா தங்கினாலும் நிழலாத்தான் தெரியும். காதை முன்னாடி மடக்கிப் பிடிச்சு, தலையை எதிர்ப்பக்கம் லேசா சாய்க்கச் சொல்லி, பிளேடோட மூலையை மட்டும், அதாவது ரெண்டு மூணு பல்லை மட்டும் வெச்சு, குறுக்கால சின்ன சின்னதா எடுங்க. பின்மண்டையில எலும்பு புடைச்சிருக்கிற இடத்துக்குக் கீழயும் இதே கதை. பிடரியில தோல் மடிப்பு இருந்தா தலையைக் குனியச் சொல்லி தோலை விரிச்சு எடுக்கணும். சரிபார்க்கிறது மட்டும் தலை நிமிர்ந்த நிலையில.

வெளிச்சத்தையும் பாருங்க. ஒரே விளக்கு தலைக்கு நேர் மேல இருந்தா, இல்லாத நிழலும் தெரியும், இருக்கிற கோடும் மறையும். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் முகத்தை நோக்கி வெளிச்சம் வரணும். கண்ணை இடுக்கிப் பார்த்தா கறுப்புத் திட்டு தனியா எடுபடும்.

மிஷின் சூடு பெரும்பாலும் எண்ணெய் இல்லாததாலதான். பல்லைக் கீழ பார்க்கப் பிடிச்சு, ரெண்டு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு சொட்டு, 10 விநாடி ஓட விட்டு, துணியால ஒத்தி எடுங்க. கிருமிநாசினி ஸ்ப்ரே அடிச்சா அதோட எண்ணெயும் கழுவிப் போயிடும், அடிச்ச ஒவ்வொரு தடவையும் மறுபடி எண்ணெய் விடணும். எண்ணெய் விட்டும் இழுத்தா பிளேடை கழட்டி நடுவுல சிக்கின முடியை பிரஷால எடுங்க. அதுக்கப்புறமும் இழுத்தா சாணை பிடிக்கணும், இல்ல மாத்தணும்.

திரும்ப மாட்டும்போது அசையுற பிளேடோட பல் நுனி, அசையாத பிளேடோட நுனிக்குக் கொஞ்சம் உள்ளயே இருக்கணும், ரெண்டும் இணையாவும் இருக்கணும். ஜீரோ கேப்ங்கிறது அந்த இடைவெளியை ஏறக்குறைய இல்லாம ஆக்கறது. கை அழுத்தம் கட்டுக்குள்ள வராதவங்க அதைச் செஞ்சா பிடரியில சிவப்பு சிவப்பா கோடு விழும். மாட்டினதும் உங்க முன்கை உள்பக்கத்துல ஓட்டிப் பார்த்துட்டுதான் ஆள் மேல வைக்கணும்.

சவர_நுரை

சவரக்கத்தியை, மிஷினும் கத்தரியும் நிதானப்பட்ட பிறகு எடுங்கள். அதற்கு முன் பிளேடு மாட்டாத கத்தியை வைத்து, ஊதின பலூனில் நுரை தடவி வழித்துப் பழகலாம். கோணம் கைக்கு வந்த பிறகு பிளேடு மாட்டியும் அதே பலூனில் செய்யுங்கள். உடைந்தால் எங்கே அழுத்தினீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

தோலுக்கும் கத்திக்கும் நடுவே சுமார் 30 டிகிரி. அதைவிடப் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சீவும். கத்தி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் மற்ற கை விரல்கள் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நுரை பட்டு விரல் வழுக்கினால் துடைத்துக்கொள்ளுங்கள், இழுப்பு இல்லாமல் ஒரு வழிப்பு கூட வேண்டாம். ஒரு வழிப்பு 2 அல்லது 3 செ.மீ. போதும். தாடை எலும்பின் மேலேயே வழிக்கப் போகாதீர்கள். கீழே உள்ள தோலைக் கன்னத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து, சமமான இடத்தில் வழியுங்கள். குரல்வளை முண்டில் தோலைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் முடியின் வாக்கை, அதாவது வளரும் திசையை, விரலால் தடவிப் பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி வளர்கிற முடி, கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளரும். முதல் முறை வாக்கிலேயே வழிக்க வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் நுரையை மறுபடி போட்டுக் குறுக்கே. சுருட்டை முடிக்காரருக்கு எதிர் வாக்கில் வழிக்கவே வழிக்காதீர்கள். வெட்டின நுனி தோலுக்குக் கீழே போய், வளரும்போது உள்ளேயே சுருண்டு கொப்புளமாகக் கிளம்பும். பரு, மரு, புண் இருக்கும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும்.

இனி சுத்தம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, ஆளுக்கு ஒரு புது பிளேடு. அவர் பார்க்கிற மாதிரி பிரித்து மாட்டுங்கள். இரண்டு பக்கக் கூருள்ள பிளேடை உறைக் காகிதத்துக்குள் வைத்தே இரண்டாக ஒடித்தால் விரலில் படாது. பழையதைக் குத்தினாலும் துளைபடாத கெட்டி டப்பாவில் போடுங்கள், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் காமாலை பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் தொற்றும் வீரியத்தோடு இருக்கும். கண்ணுக்கு ரத்தம் தெரியவில்லை என்பது கணக்கே இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அதற்கான தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டுக்கொள்வது நல்லது.

சீப்பும் கத்தரியும்: முடியைத் தட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு கிருமிநாசினியில் முழுக முக்கி வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 10 நிமிடம். புட்டியில் போட்டிருக்கும் விகிதத்தையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கையில் அப்படியே முக்கினால் மருந்து கருவியைத் தொடாது, அழுக்கைத்தான் தொடும். கலங்கினால் உடனே கொட்டுங்கள், கலங்காவிட்டாலும் தினம் மாற்றுங்கள். ஒரு செட் ஊறும்போது ஒன்று காய்ந்துகொண்டும் ஒன்று கையிலும் இருக்க வேண்டும், ஆக மூன்று செட் சீப்பு. கருவிகளை வைக்கும் நீல விளக்கு (புற ஊதா ஒளி) பெட்டியை நம்பி இந்த வேலையைக் குறைக்க வேண்டாம். ஒளி படாத பல்லிடுக்கில் அது ஒன்றும் செய்யாது.

வெட்டுப்பட்டால் கையுறை மாட்டி, சுத்தமான பஞ்சால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்க்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். படிகாரத் தூளைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்து, குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தலையில் வட்டப் படையோ பேனோ கண்டால் வேலையைத் தொடங்காமல், மற்றவர் காதில் விழாதபடி சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். புழுவெட்டு, பொடுகு, சொரியாசிஸ் ஆகியவை ஒட்டாது. அவர்கள் உட்காரும்போது முகம் சுளிப்பது தெரியாமையும் கொடுமையும் சேர்ந்தது.

நாற்காலி_கணக்கு

நாலாவது கேள்விக்கு வருகிறேன். இதை ஆசையால் முடிவு செய்யாதீர்கள், தலைக்கணக்கால் முடிவு செய்யுங்கள்.

பங்கு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி வாடகை மாதத்துக்கு 40 தலை வெட்டினால் வரும் காசு. வாடகைக்குப் போனால் உங்கள் தலையில் விழும் பிளேடு, எண்ணெய், துண்டு சலவை, கழுத்துப் பட்டை எல்லாம் சேர்ந்து இன்னொரு 10 தலை. மாதம் 100 தலை வெட்டினால் பங்கிலும் 50 தலைக் காசு, வாடகையிலும் 50 தலைக் காசு. அதற்குக் கீழே பங்குதான் லாபம், மேலே வாடகை. 25 வேலைநாள் என்றால் தினம் 4 தலை. சுலபம் போலத் தெரியும். ஆனால் அந்த 100 பேரில் எத்தனை பேர் உங்களைத் தேடி வருகிறவர்கள், எத்தனை பேர் கடைக்கு வந்து உங்கள் நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்தவர்கள் என்று எண்ணுங்கள். வாடகைக்குப் போனால் கூடவே வருகிறவர்கள் முதல் வகை மட்டுமே. அவர்கள் மட்டுமே 100ஐத் தொடும்வரை பங்கிலேயே இருங்கள். வாடகைக்கு மாறும்போதும் மூன்று மாத வாடகை கையில் இருக்கட்டும்.

திரும்பி வர வைப்பது எது? போன முறை வெட்டின அதே வெட்டை இந்த முறையும் வெட்டத் தெரிவது. அதற்கு ஞாபகம் போதாது, ஆளுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். பக்கவாட்டில் என்ன நம்பர், முதல் கோடு காதுக்கு மேல் எத்தனை விரல், உச்சியில் எத்தனை செ.மீ., வகிடு எந்தப் பக்கம், சுழி எந்தத் திசை, பிடரி வட்டமா சதுரமா, எந்த இடத்தில் தோல் சிவக்கும். எழுத ஒரு நிமிடம் ஆகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். 0.5 மி.மீ. வைத்த ஃபேட் இரண்டு வாரத்தில் மங்கிவிடும், கத்தரி வெட்டு 4 முதல் 6 வாரம் தாங்கும். எழுந்து போகும்போதே அடுத்த தேதியை இதை வைத்துச் சொல்லுங்கள்.

வேகம் தொடக்கத்தில் ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும். ஓராண்டுக்குள் 30 நிமிடத்துக்கு வந்தால் கணக்கு நன்றாக ஓடும்.

சீப்பும்கத்தரியும்

30 நிமிடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. நேரத்தை முன்னால் வைத்தால் முதலில் விடுபடுவது சரிபார்க்கும் வேலைதான். 45இல் நின்று, திருத்தம் கேட்டுத் திரும்பி வருகிறவர் யாரும் இல்லை என்று ஆன பிறகு குறையுங்கள். நேரம் வீணாவது பெரும்பாலும் வெட்டுவதில் இல்லை, கார்டைத் தேடுவதில். கார்டுகளை வரிசையாக ஒரே இடத்தில் வைத்தாலே ஐந்து நிமிடம் மிச்சம்.

யாரும் சொல்லாததால் இதையும் சேர்க்கிறேன். வெட்டும் இடம் உங்கள் மார்பு உயரத்தில் இருக்கும்படி நாற்காலியை ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்றி இறக்குங்கள். முழங்கை தோளுக்கு மேல் போகக் கூடாது, மணிக்கட்டு மடங்கக் கூடாது. கையைத் திருகாமல் நீங்கள் சுற்றி நடங்கள். தோளும் மணிக்கட்டும் கெட்டு இந்தத் தொழிலை விடுகிறவர்கள் நிறைய.

நாற்காலி_கணக்கு

திருத்தம் கேட்டு வருகிறவர் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும் என்பது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அதையும் அட்டையில் குறித்து வையுங்கள்.

புதுக்கத்தரி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியா ஒண்ணே ஒண்ணு. உச்சியில இரட்டைச் சுழி இருக்கிறவங்களுக்கு எப்படி வெட்டினாலும் குச்சி மாதிரி நிக்குதே?

சீப்பும்கத்தரியும்

அந்த இடத்தை ஒன்று 6 மி.மீ.க்குள் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தன் கனத்திலேயே படுக்கிற அளவுக்கு, 5 செ.மீ. போல விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த நீளமும் நிற்கத்தான் செய்யும். ஈரத்தில் வெட்டவே வேண்டாம், காயவைத்து அது எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். விரலால் இழுத்துப் பிடிக்காமல், சீப்பில் லேசாகத் தூக்கி, நுனியில் மட்டும். மிஷின் வைத்தால் ஒரே திசையில் ஓட்டாதீர்கள். சுழி சுற்றுவதற்கு எதிராக வட்டமாகப் போங்கள், இரண்டு சுழிக்கும் நடுவில் உள்ள மேட்டில் நாலு பக்கத்திலிருந்தும் ஒரு முறை ஓட்டுங்கள். திண்ணிங் கத்தரியை அங்கே கொண்டுபோகவே கூடாது. குட்டை முடிகள் அடியிலிருந்து முட்டி, மேலே இருப்பதையும் தூக்கி நிறுத்திவிடும்.